பங்கர் வாசலில் ரீச்சர்

நான் புலம்பெயர்ந்து வாழும் ரண்டர்ஸ் நகரில் ஆறு பெருகும் என்று அறிவித்திருந்தார்கள். இன்று காலை வீட்டின் நிலவறை வாசலில் மண்மூட்டைகளை அடுக்கினேன். நனைந்த சாக்கின் நெடி மூக்கில் ஏறியதும், போர்க்காலத்தில் வன்னியில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பங்கர் ஞாபகம் வந்தது.

பனங்குற்றிகளைப் பரப்பி, மேலே மண்மூட்டை அடுக்கிய குழி அது. விமான இரைச்சல் கேட்டதும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஓடிப்போய் அதற்குள் இறங்கி, குளிர்ந்த மண்ணில் நெருங்கி உட்காருவோம். ரீச்சர் கடைசியாக வந்து எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வாசற்படியில் உட்காருவார். பவுடரும் வேர்வையும் மணக்கும் அந்த அகன்ற முதுகைப் பார்த்துக்கொண்டே, இரைச்சல் அடங்கும்வரை வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்லுவோம்.

"உள்ளுக்கு வாங்கோ ரீச்சர், பொம்மர் வருது!"

"இந்த உடம்பு அந்த வாசலுக்குள்ள நுழையாதடா. கதையை விட்டிட்டு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லுங்கோ!"

மடையர்கள் நாங்கள், சிரித்தோம். 'பூசணி ரீச்சர்' என்று பட்டமும் வைத்தோம்.

பிள்ளைகள் படிக்கிற இடத்தில் குண்டு போட்டவன் நாசமாய்ப் போக. அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. பங்கரையும் மூடிவிட்டார்கள்.

இன்று கடைசி மூட்டையை வாசலில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடம் விட்டதும், களவு போகாமலிருக்க ரீச்சரின் மேசையை நாலு பேர் தூக்கி, சாய்க்காமல் அப்படியே அந்த வாசல் வழியாகத்தான் பங்கருக்குள் இறக்கி வைப்போம். அந்த மேசை ரீச்சரை விட அகலம்.