மயில் கழுத்தில் மாட்டிக்கொண்ட ரோபோ

வேலையை விட்டுவிட்டுச் சில வருடங்கள் சின்ன காஞ்சிபுரத்து வீட்டிலேயே கிடந்த எனக்கு, சென்னைக் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூ மறுநாள் காலை வீடியோவில். யாரும் சொல்லித்தராமல் என் ரோபோ தானே வீட்டைச் சுற்றிக் கற்றுக்கொள்வதைக் காட்ட வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டும். வெறியோடு வேண்டும்.

ரோபோ என்றால் சக்கரமும் கேமராவும் வைத்த ஒரு டப்பாதான். அதற்கு ஆர்வம் வர நான் வைத்த விதி எளிது. அடுத்து என்ன தெரியும் என்று அது ஊகிக்கும். ஊகம் தப்பினால் மார்க். அதனால் புது இடங்களைத் தேடி ஓடும். சமையலறையை ஒரே நாளில் கரைத்துக் குடித்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மாலை, பட்டுக்கடையில் சேல்ஸ்மேனாக இருக்கும் என் கணவர், யாரோ வாங்கிய மயில் கழுத்துக் கலர் புடவையைக் குஞ்சம் கட்டக் கொடுப்பதற்காக எடுத்துவந்து கொடியில் போட்டார். அவ்வளவுதான், ரோபோ அதன் முன்னால் போய் நின்றுகொண்டது. இடப்பக்கம் நகரும், வலப்பக்கம் நகரும், மறுபடி இடப்பக்கம். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். திட்டியும் பார்த்தேன்.

"இன்னாம்மா, உன் டப்பா நம்ம கடை கஸ்டமராட்டம் பண்ணுது? இப்படித்தான் புரட்டிக்கினே இருப்பாங்க. வாங்கவும் மாட்டாங்க, எழுந்திரிக்கவும் மாட்டாங்க," என்றார் கணவர்.

எரிச்சலோடு நிமிர்ந்தவள் புடவையைப் பார்த்தேன். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. இங்கிருந்து பச்சை, அங்கிருந்து நீலம், ஃபேன் காற்றில் இரண்டும். ஊகம் எப்போதும் தப்பும், மார்க் கொட்டும். பாவம், அதன்மேல் குற்றமில்லை. விதியை மாற்றினேன்: முன்னைவிடக் குறைவாகத் தப்பினால்தான் இனி மார்க். எத்தனை பார்த்தாலும் ஊகம் தேறாத இடத்தில் நின்றால் ஒன்றும் கிடைக்காது.

காலையில் இன்டர்வியூ தொடங்கியபோது புடவையை வேண்டுமென்றே கொடியில் விட்டுவைத்தேன். ரோபோ நேராக அதனிடம் போனது. கொஞ்ச நேரம் அங்குமிங்கும் ஆடிவிட்டு, வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்க்கக் கிளம்பியது. கத்த வேண்டும்போல் இருந்தது.

திரையில் இன்டர்வியூ எடுத்த அம்மாள், "அந்தப் புடவையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க," என்றார். திருப்பினேன். "இப்போ அந்தப் பக்கம்."

"மேடம், ரோபோவைப் பார்த்தீங்களா?" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"பார்த்தேன்மா. அது நகர்ந்துடுச்சு, என்னாலதான் முடியல. ஒண்ணாம் தேதி சேர்ந்துடுங்க. வரும்போது அந்தப் புடவையும் வேணும்."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உள்ளேயிருந்து கணவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அது வேற பார்ட்டிதும்மா! வேணும்னா டப்பாவ எடுத்துக்கினு போ!"