சீன வைத்தியரின் இருமல்

இன்று கண்டியில் ஒரு சீன வைத்தியர் வைத்திருக்கும் மருந்துக் காட்சிசாலையைப் பார்க்க, மனைவி சுலைஹாவோடு ரிக்‌ஷாவில் போனேன்.

கண்ணாடிப் போத்தல்களில் வேர்கள், மான்கொம்பு, காய்ந்த கடற்குதிரை! சிங்களத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கிய வைத்தியரை இருமல் விடவில்லை.

"இவ்வளவு மருந்தையும் வெச்சிக்கிட்டு இப்பிடி இருமுறாரே!" என்ற சுலைஹா, என் சளிக்காகக் கொண்டுவந்த கொத்தமல்லித் தண்ணீரை அவரிடமே நீட்டிவிட்டாள். "குடிங்க, தொண்டைக்கு நல்லம்."

கோபித்து வெளியே அனுப்பிவிடுவாரோ என்று நான் பதறினேன்.

அவர் முழுவதையும் குடித்தார். இருமல் அடங்கியது. என்ன மருந்தென்று கேட்டு, சிரித்துக்கொண்டே எதிர்க்கடையில் கொத்தமல்லி வாங்கிவந்து, வெறும் போத்தலொன்றில் நிரப்பி, சீனத்தில் ஏதோ எழுதி ஒட்டினார்.

"அது என் பேருதான்," என்கிறாள் சுலைஹா, வீடு வந்த பிறகும்.

சீனம் வாசிக்கத் தெரிந்தவர்கள் போய்ப் பாருங்கள். வேறு ஏதாவது எழுதியிருந்தால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள்.