நடிப்பு என்றார்கள்

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு கோட்டயத்து டாக்டர் ஒருவர் என் நோயைக் கண்டுபிடித்தார். என் உடம்பே என் மூட்டுகளை எதிரியென்று நினைத்துத் தாக்குகிறதாம். முழுக்கக் குணமாகாது. மாத்திரை சாப்பிட வேண்டும், அசதி வந்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்றார்.

வெளியே பார்த்தால் எனக்கு ஒன்றுமில்லை. கையில் கட்டுப் போட்டிருந்தால் கஞ்சி கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். என் வீட்டுக்காரரின் தங்கை எனக்குப் பக்கத்தில் நின்றுதான் கொழுந்து வெட்டுவாள். என் காதில் விழவேண்டுமென்றே மற்ற பெண்களிடம் சொல்வாள்.

"நல்லாத்தான திங்கா. வேலைன்னா மட்டும் மேலு வலிக்கும்."

போன ஐப்பசியில் அவள் வாயை அடைக்க நினைத்தேன். அன்று காலையிலேயே விரல் மடங்கவில்லை, சேலைக்கு ஊக்குக் குத்த முடியவில்லை. ஆனாலும் கத்திரியோடு மேடேறி, மதியம் வரை நிமிராமல் வெட்டினேன். அவளை முந்தினேன். அற்பச் சந்தோஷம்தான், ஆனால் ருசித்தது. கொழுந்துச் சாக்கைத் தலையில் ஏற்றியதும் முழங்கால் மடங்கியது. சரிவில் உருண்டு ஓடைக்கல்லில் மோதி நின்றேன். கொழுந்தெல்லாம் சேற்றில்.

சூப்பர்வைசர் மேலே நின்றபடியே கேட்டார். "ஏம்மா, இது புது நடிப்பா?"

நாத்தனார் சிரித்தாள். தூக்கிவிட ஒருத்தியும் இறங்கி வரவில்லை. நானே செடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன்.

அதன்பிறகு இரண்டு வாரம் காய்ச்சலும் வலியுமாகப் படுக்கையில் கிடந்தேன். அவர்கள்மேல் இருந்ததைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம். நாத்தனார் நம்புவதற்காகவா என் உடம்பைக் கெடுத்துக்கொண்டேன்?

திரும்பிப் போன முதல் நாள், பத்தரை மணிக்கே தோள் கனத்தது. அந்தக் கனத்துக்குமேல் ஒரு மணி நேரம் இழுத்தால் நாலு நாள் எழ முடியாது. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

"யாருகிட்ட கேட்டு உக்காந்த?" என்றார் சூப்பர்வைசர்.

"டாக்டர் சீட்டு ஆபீஸ்ல குடுத்துருக்கேன் சார். போயிப் படிச்சுக்கிடுங்க."

"எங்க அண்ணன் பாவம்," என்றாள் நாத்தனார்.

"பாவமா இருந்தா வந்து அவருக்குச் சோறு பொங்கிப் போடு."

அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. சூப்பர்வைசர் இன்றும் என்னைக் கடக்கும்போது காறித் துப்புகிறார். துப்பட்டும். தோள் கனத்தால் உட்காருகிறேன். கனம் இறங்கும்வரை எழுந்திருப்பதில்லை.