எங்கள் தெருவுக்கு வராத கேஸ்

கணியூரில் அண்ணனுடைய தென்னந்தோப்பின் நடுவே கேஸ் குழாய் போகிறது. எங்கோ கடலோரத்தில் புறப்பட்டு, மாவட்டம் மாவட்டமாக நீண்டு வரும் குழாய். நிலம் உங்களுடையதுதான், அடியில் குழாய் போக மட்டும் எங்களுக்கு உரிமை என்று அளக்க வந்தவர்கள் சொன்னார்கள். குழாய்க்கு மேலே இருக்கும் அந்தப் பட்டை நிலத்தில் இனி மரமே வைக்கக் கூடாது என்பது, குழாயைப் புதைத்த பிறகுதான் அண்ணனுக்கு முழுசாக உறைத்தது. காய்த்துக்கொண்டிருந்த தென்னைகள் போன இடத்தில் இப்போது மாட்டுத் தீவனத்துக்குச் சோளம் விதைக்கிறார்.

நான் பனியன் கம்பெனிகள் நிறைந்த நல்லூரில் சின்னதாக ஒரு இஸ்திரி யூனிட் வைத்திருக்கிறேன். பனியன்களுக்கு நீராவி இஸ்திரி போட்டு மடித்துக் கொடுப்போம். நீராவிக்கு விறகு பாய்லர். சாம்பல் பறந்து வெள்ளைத் துணியில் உட்கார்ந்தால் அந்தப் பீஸ் ரிஜெக்ட். அதனால் கேஸ் வருகிறது என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். அதை அண்ணனிடம் மறைக்கவும் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம், "உனக்கு கேஸ் வரோணும்னுதான் என்ற தோப்பு போச்சு" என்பார். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அதைக் கேட்டால் சோறு இறங்காது.

பிறகு ஊருக்குள் கேஸ் கொடுக்கும் கம்பெனி மெயின் ரோட்டைத் தோண்டியது, மூடியது. எங்கள் தெரு முனையில் கேஸ் லைனுக்கு அடையாளமாக ஒரு மஞ்சள் கல்லை நட்டுவிட்டு அடுத்த ஏரியாவுக்குப் போய்விட்டது. கேட்டால், தெருவை வெட்ட அனுமதி வரவில்லை என்றார்கள். அனுமதி வந்ததும், உங்கள் தெருவில் கனெக்‌ஷன் கேட்டவர்கள் போதாது என்றார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசி ஆள் சேர்த்தேன். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.

ஒரு கல்யாணத்துக்காக அண்ணன் நல்லூர் வந்திருந்தார். யூனிட் வாசலில் விறகு இறங்குவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னும் வெறகுதானா?"

"தெருவுக்கு லைன் வரலீங்ணா."

"அப்ப என்ற தோப்புக்குள்ள போறது எங்க போவுது?"

ஊருக்குள் கேஸ் கொடுக்கும் கம்பெனியில்தான் கேட்க வேண்டும் என்றேன். "வா, கேட்டுப்போட்டு வருவோம்" என்று அண்ணன் என் வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஆபீஸில் ஒரு இளம்பெண் மரியாதையாக உட்கார வைத்தார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அடுத்த கட்டம் எப்பன்னு எங்களுக்கே சொல்லலீங்க சார்" என்றார்.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "செரி கண்ணு. கணியூர்ல எங்க தோப்புக்குள்ள உங்க குழாய் போவுது. அதுக்கு மேல ஒரு எலுமிச்சையாவது வெச்சுக்கலாமா? அதையாச்சும் சொல்லு."

"அது எங்க குழாய் இல்லீங்கய்யா. அது வேற கம்பெனிங்க. அவுங்க ஆபீஸ்லதான் கேக்கோணும்."

"அவுங்க ஆபீஸ் எங்க இருக்குது?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரை மறுபடி பார்த்தார். "இங்க இல்லீங்க."

அண்ணனை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். ஊருக்குப் போக உடுமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "இத்தன நாளா உன்னையப் போய்த் திட்டிட்டு இருந்தேன்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. திட்டுவதற்குக்கூட அவருக்கு இனி ஆள் கிடையாது என்றுதான் தோன்றியது.

திரும்பும் வழியில் மெயின் ரோட்டை மறுபடி தோண்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தி, கேஸுக்கா என்று கேட்டேன். கேபிளுக்கு என்றார்கள்.