ஆண்டவரோடு காய் விட்ட வாரம்

ஏழு வயதில் நான் சில நாள் ஆண்டவரோடு பேசாமல் இருந்தேன். தவறு அவர் பக்கம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஐப்பசியில் மழை ஊற்றித் தள்ளியது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் உழைத்த குடும்பம் எங்களுடையது. அப்பாதான் முதன்முதலில் சொந்தமாக ஆறு மா நிலம் வாங்கினார். அதில் சம்பா நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை, பயிர் முழுக்கத் தண்ணீருக்கடியில் போய்விட்டது. தண்ணீர் வடியாவிட்டால் பயிர் அழுகிவிடும். அழுகினால் அப்பா மறுபடியும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார். நிலம் வாங்குவதற்காக ஏற்கெனவே இரண்டு வருடம் அங்கே கிடந்தவர்தான். பயிரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. திருப்பூர் என்ற பேச்சை எடுத்தால்தான் காதைப் பொத்திக்கொள்வேன்.

கடவுள் நமக்கு அப்பா மாதிரி, அப்பாவிடம் கேட்பது போல எதையும் கேட்கலாம் என்று ஞாயிறு பள்ளி டீச்சர் சொல்லியிருந்தார். கேட்டேன். மழையை நிறுத்தச் சொல்லி நான்கு நாள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டேன். ஐந்தாம் நாளும் பெய்தது.

அப்பா மாதிரி என்றால் அப்பாவிடம் செய்வதைத்தானே செய்ய வேண்டும்? அன்று மாலை குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது, "நான் அவரோட காய்" என்று அறிவித்துவிட்டேன்.

அம்மா கையை ஓங்கினாள். "ஆண்டவர்கிட்ட போயி காய் விடுவாளாம்! போயி வாயக் கழுவுடி."

அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு. அவங்களுக்குள்ள பேசித் தீத்துக்கிடட்டும்" என்றவர், தானே ஜெபத்தை முடித்து ஆமென் சொல்லிவிட்டார்.

நான் கோபித்துக்கொள்வதற்கு வீட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். அப்பா கூப்பிட மாட்டார், கெஞ்ச மாட்டார். தன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றில் கை வைக்காமல் இருப்பார். நான் திரும்பும்வரை அவரும் பட்டினி. பாவம், பசி தாங்காத மனிதர் என்று கடைசியில் நானே இரக்கப்பட்டுப் பழம் விட்டுவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் அதையே செய்தேன். சனிக்கிழமையே மழை விட்டிருந்தது. ஆனால் தண்ணீர் ஒரு விரற்கடைகூட வடியவில்லை, ஆகவே நானும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பெண்கள் பக்கத்து ஜமுக்காளத்தில், பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுவைத்தேன். பெரியம்மா கொஞ்சம் அகலமான உடம்புக்காரி. அவள் அந்த இடத்துக்கு நகர்ந்து வந்தபோது இரண்டு கையையும் விரித்து மறித்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். பாட்டு முடிந்து பிரசங்கமும் பாதி ஆகிவிட்டது. நான் எதிர்பார்த்தவர் வரவில்லை.

எல்லோரும் பீடத்தைப் பார்த்திருக்க, நான் மட்டும் வாசலைப் பார்த்திருந்ததால், அப்பா வந்ததை முதலில் கண்டது நான்தான். விடியும் முன்பே வடிகாலைப் பார்க்கப் போனவர், தலை முதல் கால் வரை சேறாக நின்றார்.

"ஐயா, மன்னிக்கணும்" என்றார் போதகரிடம். "எங்க அடச்சிருக்குன்னு தெரிஞ்சிபோச்சு. ரோட்டுப் பாலத்துக்கு அடியில ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு. ஒத்த ஆளால ஆவாது. எல்லாரும் வந்தா இன்னைக்கே வடிஞ்சிரும்."

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "ஜெபம் மட்டும் பண்ணிட்டுக் கெளம்பிடுவோம். எல்லாரும் முழங்கால் போடுங்க."

அப்பா ஆண்கள் பக்கம் போகவில்லை. நேராகப் பெண்களுக்கு நடுவே வந்து, நான் விட்டுவைத்த இடத்தில் சேறும் தண்ணீருமாக முழங்காலிட்டார்.

"இது வேற ஆளுக்கு வச்ச எடம்" என்றேன்.

"யாருக்கு?"

"அவருக்கு."

அப்பா சிரிக்கவில்லை. "அவர் வர்ற வரைக்கும் நான் இருக்கேன் பாப்பா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ரோட்டுப் பாலத்துக்கு ஓடினோம். போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடிகாலில் இறங்கினார். அம்மா இறங்கினாள். மாரியம்மன் கோயில் தெருக்காரர்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். ஆகாயத்தாமரையைக் கட்டுக் கட்டாக இழுத்துக் கரையேற்றினார்கள். கடைசியாகப் பாலத்தடியில் அசையாமல் கிடந்த பெரிய மூட்டைக்குப் பெரியம்மாவின் அகலம் தேவைப்பட்டது. அவள் கரையில் காலை ஊன்றி ஓர் இழுப்பு இழுத்தாள். அவ்வளவுதான், மடை உடைந்தது போலத் தண்ணீர் பாலத்துக்கடியில் பாய்ந்து ஓடியது. எல்லோரும் கத்தினார்கள். யாரோ பாட்டை எடுக்க, சர்ச்சில் ஒருநாளும் அப்படிப் பாடாதவர்கள் எல்லாம் தொண்டை கிழியப் பாடினார்கள். பொழுது சாய்வதற்குள் எங்கள் வயலில் பயிரின் நுனிகள் பச்சையாக வெளியே தெரிந்தன. அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார். அந்த உயரத்திலிருந்து வானத்தைப் பார்த்து, "பழம்!" என்று கத்தினேன்.

அந்தத் தை மாதம் எங்கள் சொந்த நிலத்து நெல் முதன்முதலாக வீட்டுக்கு வந்தது. அப்பா திருப்பூருக்குப் போகவில்லை. ஆண்டவரே என்னிடம் இறங்கி வந்துவிட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன். இருந்தாலும் ஒரு மனத்தாங்கல் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. அவ்வளவு நேரம் இடம் பிடித்து வைத்தும் அவர் வந்து உட்காரவில்லையே. அம்மா எத்தனை முறை அலசியும் ஜமுக்காளத்தில் அந்த இடத்துச் சேற்றுக் கறை போகவில்லை. வாராவாரம் அந்தக் கறையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அவர் ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.