நானூறு பேரும் நடந்துவிட்டார்கள்

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா. மருந்துக் கிடங்குக்குப் பின்னால் உள்ள புள்ளிவிவர அறையில், அட்டை மடித்து முட்டுக்கொடுத்த மேஜையில்தான் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள்.

அடுத்த ஆண்டு பக்கவாதத்தோடு வரப்போகும் நானூறு பேர், ஆறு மாத சிகிச்சைக்குப் பிறகு எப்படி இருப்பார்கள் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தானாக நடப்பார், கோலூன்றி நடப்பார், படுக்கையில் இருப்பார் என்று மூன்று நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எடை. ஆளுக்கு ஆள் எடை கொஞ்சம் மாறினாலும், நடப்பதற்கான எடைதான் எல்லோருக்கும் அதிகம்.

அவள் எழுதிய நிரல் நானூறு பேரையும் நடக்க வைத்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பெரிய டாக்டர், "அப்போ நடைப் பயிற்சி அறை எதுக்கு? எக்ஸ்ரேக்குக் கொடுத்துடலாம்" என்றார்.

அந்த அறைக்கு வாரம் மூன்று நாள் போகிறவன் அவளுடைய தம்பி. போன வருடம் அவனுக்கு இடது பக்கம் இழுத்துவிட்டது. மாலையில் விஷயத்தைக் கேட்டதும் அவன் கைக்கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"ஏன்க்கா, எனக்கு என்ன எடை வரும்?"

"நூத்துக்கு நடக்க ஐம்பத்தஞ்சு, கோலுக்கு முப்பத்தஞ்சு, படுக்கைக்குப் பத்து."

"அப்போ உன் கணக்குல நான் ஓடிட்டிருக்கணுமே! போய் ரெண்டு பால் பாக்கெட் வாங்கிட்டு வரட்டா?"

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஐயோ, எல்லாருக்கும் பெரிய எடையை மட்டும் எடுத்துட்டேன்டா. உன்னை மாதிரி ஆளுங்களையே காணாம பண்ணிட்டேன்."

"பரவால்ல, என்னை மட்டுமாவது திருப்பிக் கொண்டு வந்துடு."

மறுநாள் காலை முதல் வேலையாக நிரலைத் திருத்தினாள். இப்போது ஒவ்வொருவருக்கும் ஒன்றிலிருந்து நூறுக்குள் ஏதோ ஓர் எண்ணைக் கணினி குருட்டாம்போக்கில் எடுக்கும். தம்பியைப் போன்றவருக்கு அது ஐம்பத்தைந்துக்குள் விழுந்தால் நடப்பார். தொண்ணூறு வரை கோல். அதற்கு மேல் படுக்கை. கோலூன்றுகிறவர்கள் நூற்று இருபத்தொன்று என்று வந்தது. பெரிய டாக்டர் முன்னால் மறுபடி ஓட்டினாள். நூற்று முப்பது.

"என்னம்மா, தடவைக்கு ஒண்ணு சொல்லுது?"

"யாருக்கு என்ன ஆகும்னு மாறும் சார். ஆனா ஆயிரம் தடவை ஓட்டியாச்சு, கோல் பிடிக்கிறவங்க தொண்ணூறு பேருக்குக் கீழே போகவே இல்லை. நேத்து சொன்னது என் தப்பு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எக்ஸ்ரேக்காரர்களை வேறு இடம் பார்க்கச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் தம்பியை போனில் அழைத்தாள்.

"நாளைக்கு ஒழுங்கா பயிற்சிக்கு வந்து சேரு. மட்டம் போட்டே, தெரியும் சேதி!"