இலக்கணத்துக்கு என் முகம்

வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையில் சிலைகளும் அலங்காரச் சுவர்களும் செய்யும் ஒரு பட்டறையில் வரைபடம் கீறும் வேலை பார்த்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். மேலாளர் மதுரைப் பக்கம், நான் யாழ்ப்பாணம். தொடக்கத்திலிருந்தே எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. அவர் தரும் அளவில் பிழை இருந்தால் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்பது அவர் கோபம். தனியாகச் சொன்னபோது அவர் காதில் விழுந்ததேயில்லை என்பது என் கோபம்.

ஒரு தனியார் பள்ளிக்கூடம் தன் நூலக வாசலுக்கு ஏழு பெண் சிலைகள் கேட்டது. ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களில் கல்வியின் ஏழு துறைகளையும் ஏழு பெண்களாகச் செதுக்கியிருப்பார்கள். வடிவியலின் கையில் கவராயம், தர்க்கத்தின் கையில் பாம்பு, இசையின் முன்னே மணிகள். இலக்கணம் பிரம்போடு உட்கார்ந்திருப்பாள், காலடியில் இரண்டு பிள்ளைகள். எனக்கு அவளைத்தான் பிடித்தது. அவள் வரைபடத்துக்குத்தான் அதிகம் மினக்கெட்டேன்.

களிமண் உருவம் முடிந்த அன்று பட்டறைக்குள் போனேன். சுற்றி நின்றவர்களின் சிரிப்பு சட்டென்று நின்றது. பிரம்பு பிடித்திருந்தவளுக்கு என் முகம். நாடியில் என் மச்சம்கூட இருந்தது. சிற்பி கல்கத்தாக்காரர், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேலாளர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதாகவும், எனக்குச் சம்மதம் என்றே நினைத்ததாகவும் ஹிந்தியில் சொன்னார். படத்தைக் காட்டினார். நான் போனில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியாமல் எடுத்தது.

மேலாளரிடம் போனேன்.

"பிரம்பு வெச்சிருக்கிறவளுக்கு உங்க முகத்தை விட்டா வேற எது பொருந்தும்? ஜோக்கா எடுத்துக்கங்க" என்றார்.

"உங்களுக்கு ஜோக். அந்த வாசலிலை நிண்டு பேச்சு வாங்கப்போறது என்ரை முகம். மாத்தச் சொல்லுங்கோ."

பள்ளிக்கூடம் படம் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டது, கலாஸ், முடிந்தது, மதியம் அச்சு எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி வெளிநாட்டில் இருந்தார். வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

சிற்பியின் மேசையிலிருந்து மண் வழிக்கும் கம்பியை எடுத்து நெற்றியிலிருந்து நாடிவரை ஒரே இழுவையாக இழுத்தேன். மூக்கு முதலில் வந்தது. யாரும் தடுக்கவில்லை. வருத்தம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மேலாளர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அந்தப் படத்தை முதலாளியிடம் காட்டுங்கோ, பிறகு கேட்கிறேன் என்றேன். அவர் காட்டவில்லை. அதற்குப் பதிலாக, அதுவரை தினமும் தன் காரில் என்னை வேலைக்கு ஏற்றி வந்ததை நிறுத்தினார். அந்தக் கோடை முழுக்க இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். பஸ் தரிப்பில் நிற்கும்போது அவர் கார் என்னைத் தாண்டிப் போகும். அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

சிற்பி வேறொரு முகம் செய்தார். யாருடைய சாயலும் இல்லாத முகம். என்னிடம் மன்னிப்பும் கேட்டார், ஏற்றுக்கொண்டேன். திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. இலக்கணத்தின் தோளில் கைபோட்டபடி மேலாளர் நிற்கும் படம் பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எல்லோரும் கைதட்டல் போட்டிருந்தார்கள்.

ஜெபல் அலியில் வேறு வேலை கிடைத்தது. கடைசி நாளில் அவர் எல்லோருக்கும் தெரியும்படி எழுந்து வந்து கை நீட்டினார். என் இரண்டு கையிலும் பை இருந்தது. நான் அதைக் கீழே வைக்கவில்லை.